கடல்பக்க வலை

அன்றைக்கு நின்றவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன் ரீச்சர். நான், பாக்கியநாதர். என் மனைவி ஞானரூபி. அவளுடைய தம்பி அமலதாஸ். பக்கத்து அட்டைப் பண்ணைக்காரன் குலவீரசிங்கம். நாலு பேர். குலவீரசிங்கத்தின் நாயும் கரையில் நின்று குரைத்தது, ஆனால் அது தண்ணீருக்குள் இறங்கவில்லை. அதனால் அதைச் சேர்க்கவில்லை. அமலதாஸோடு இன்னும் இரண்டு பெடியள் வந்தார்கள் என்று பிணக்குத் தீர்க்கிற உங்கள் இணக்கசபையில் யாரோ சொல்லியிருக்கிறார்களாம். வரவில்லை. நாலு பேர்தான். வலைக்குள் ஆயிரத்து முப்பத்தேழு கடலட்டை.

நீங்கள் அடிக்கடி தண்ணீரைப் பார்க்க வேண்டாம். அது வற்றிக்கொண்டிருக்கிறது. திரும்பப் பெருகினால்தான் வள்ளம் இந்தக் கொட்டிலுக்குக் கிட்ட வரும். உங்களை இறக்கிவிட்டுப் போன குலவீரசிங்கத்துக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தும் சொல்லியிருக்க மாட்டான், அவனுக்கு அது ஒரு பகிடி. நடந்து போகலாம் என்றும் நினைக்காதீர்கள். பண்ணைக்குள் மணல். வெளியே கரைவரைக்கும் சேறு, இடுப்புவரை இழுக்கும். அந்தச் சாக்கின்மேல் இருங்கள். கடலுக்குள் தடிமேல் நிற்கிற இந்தக் கொட்டில் ஒரு ஆளுக்காகக் கட்டியது, அதனால் நான் இந்தத் தூணோடு நிற்கிறேன். எனக்கு ஆட்களின் முகத்தைப் பார்த்துக் கதைக்கப் பழக்கமில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு சொல்கிறேன். குறை நினைக்க வேண்டாம்.

என்னுடைய முறைப்பாடு ஒன்றுதான். அமலதாஸ் என் பண்ணையிலிருந்து நானூற்றுப் பதினாலு அட்டையை வெளியே விட்டான். அவற்றைப் பிடித்து அவன் திருப்பித் தர வேண்டும். இரண்டு முறை கூப்பிட்டும் நான் இணக்கசபைக்கு வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். வர விருப்பம்தான். நான் வந்தால் இங்கே காவலுக்கு ஆர் நிற்பது? அதனால்தான் நீங்களே வர வேண்டியதாகப் போயிற்று. கரைக்குப் போய்க் கனநாள் ரீச்சர். சோறும் குடிதண்ணீரும் குலவீரசிங்கம் கொண்டுவந்து தருகிறான்.

அட்டையைப் பற்றி உங்களுக்குத் தெரியுமோ தெரியாது. கண் இல்லை, கால் இல்லை, சத்தம் போடாது. சேற்றைத் தின்று, மணலைச் சுத்தமாக்கி, பின்னால் விட்டுக்கொண்டு போகும். அவ்வளவுதான் அதன் வேலை. சண்டை இல்லை. எனக்கு அதில் ஒரு மதிப்பு உண்டு. நான் சிறுவனாக இருந்தபோது இந்தக் கடலில் கால் வைத்தால் அட்டையில்தான் வைக்க வேண்டும். வழுக்கி விழுந்து சிரிப்போம். நாங்கள் அதைத் தின்கிறதில்லை, ஆகவே ஆரும் கவனிக்கவில்லை. பிறகு வெளிநாட்டில் அதற்கு விலை வந்தது, வெளியூர் ஆட்கள் முதுகில் சிலிண்டர் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஆழத்தில் கிடந்த பெரிய தாய் அட்டைகளை எல்லாம் அள்ளினார்கள். குஞ்சு போடுவதற்கு ஒரு சோடி விட்டுவைக்கவில்லை. எங்களுடைய ஆட்களும் அவர்களைப் பார்த்துக் கரைப்பக்கத்தைக் கூட்டி அள்ளினார்கள். அள்ளி முடிந்த பிறகுதான் பண்ணை வந்தது. குஞ்சு பொரிக்கிற இடத்தில் விரலளவு குஞ்சு தருவார்கள். கடலில் தடி நட்டு, வலை கட்டி, அதற்குள் விட்டு வளர்க்க வேண்டும்.

தடிக்குக் கண்டல் மரம் வெட்டினார்கள். கடலடியில் தாழைப் புல் வளர்ந்த இடத்தில் சப்பாத்துக் காலோடு நடந்து தடி நட்டார்கள். இந்தக் கரையில் இப்போது பதினாலு பண்ணை, ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு. வலையில் பாசி பிடித்துச் சாக்குப்போல் ஆகிவிட்டது, தண்ணீர் ஓட வழியில்லை. அடிச் சேறு கறுத்துவிட்டது. கிளறினால் கூழ் முட்டை மணம். இதை மீனவர் சங்கக் கூட்டத்தில் சொல்ல வேண்டும் என்று நினைத்து ஒவ்வொரு முறையும் போவேன். கடைசி வாங்குப் பலகையில் இருந்துவிட்டு வருவேன். எழும்பிக் கதைத்தால் எனக்கு நா ஒட்டிக்கொள்ளும். என்னுடையது பதினைந்தாவது. மற்றவர்கள் கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கலாம்.

என்னுடைய வலையை மட்டும் நீங்கள் தொட்டுப் பார்க்க வேண்டும். எல்லாருக்கும் ஒரு வலை, எனக்கு இரண்டு. உள்ளே சின்னக் கண், வெளியே பெரிய கண். அடியை ஒரு முழம் தோண்டிப் புதைத்து, மேலே கல் வைத்திருக்கிறேன். குலவீரசிங்கத்தின் வலை ஓட்டைக்கு நடுவில் கொஞ்சம் நூல் மாதிரி இருக்கும். அவன் என்னைப் பார்த்து, "அண்ணை, நீங்கள் அட்டை வளர்க்கிறியளோ, ஆளை மறியல்ல அடைச்சு வைச்சிருக்கிறியளோ?" என்று கேட்பான். நான் இன்னொரு முடிச்சுப் போடுவேன்.

எண்ணுகிற விதத்தையும் சொல்ல வேண்டும். பண்ணைக்குக் குறுக்கே ஒரு கயிறு கட்டுவேன். ஒவ்வொரு அட்டையாகத் தூக்கி, பேசினில் பத்துச் சேர்ந்ததும் கயிற்றுக்கு அந்தப் பக்கம் விடுவேன். மாதத்தில் இரண்டு தரம். பயிற்சி தந்த பெடியன், தூக்கக் கூடாது ஐயா, அது வெருண்டால் குடலைக் கக்கிவிடும் என்றான். கக்குகிறதுதான். அப்படிக் கக்குகிறதை நான் புறம்பாக ஒரு மூலையில் விட்டுப் பார்ப்பேன். சிலது தேறும், சிலது தேறாது. பலவீனமானது எது என்று அதில் தெரிந்துவிடும். எண்ணாமல் இருந்தால் எப்படித் தெரியும்? ஞானரூபியும் அதையே சொன்னாள், உங்களின் கை படப் பட அது மெலிகிறது என்று. பெண்கள் அப்படித்தான், வேலை ஒன்றை ஒழுங்காகச் செய்தால் அதில் ஒரு குறை.

ஆயிரத்து இருநூறு குஞ்சு விட்டேன். பங்குனி வெயிலில் நூற்று அறுபத்து மூன்று போய்விட்டது. அந்த வருடத்து வெயில் அப்படி. தண்ணீரில் கால் வைத்தால் குளிக்க வைத்த சுடுதண்ணீர் மாதிரி. அட்டை எல்லாம் மணலுக்குள் புதைந்தது. புதைந்ததை நான் கிண்டி எடுத்துத்தான் எண்ண வேண்டியிருந்தது. பிறகு ஒன்றும் குறையவில்லை. தை பிறந்தால் பிடிக்கலாம் என்று இருந்தோம். அதை நம்பித்தான் ஞானரூபி தன் காணியை ஈடு வைத்தாள். வீட்டில் வேறு ஒன்றும் இல்லை. இந்த வலைக்குள் கிடந்ததுதான் எங்களுடைய எல்லாம்.

கார்த்திகையில் மழை பிடித்தது. விடாத மழை. குளம் நிரம்பி, கதவைத் திறந்துவிட்டார்கள். வெள்ளம் ஆற்றால் வந்து கடலில் விழுந்தது. முந்தி என்றால் வந்த வேகத்தில் வெளியே போய்விடும். இப்போது பதினாலு பேரின் வலை குறுக்கே நிற்கிறது. அது இங்கேயே தங்கிவிட்டது. அன்று காலை ஞானரூபி என்னோடு வள்ளத்தில் வந்தாள். கையை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். "தண்ணி இனிக்குது" என்றாள். 

நான் இறங்கிப் பார்த்தேன். பண்ணையின் நடுவில் ஒரு அட்டைகூட இல்லை. கரைப்பக்கம் இல்லை.  பிறகு கடல்பக்க வலைக்குப் போனேன். எல்லாம் அங்கே நின்றன. ஒன்றின்மேல் ஒன்று ஏறி, வலையை மூஞ்சியால் தள்ளிக்கொண்டு, முழங்கால் உயரத்துக்கு ஒரு வரம்பு மாதிரி. அட்டை வலையில் ஏறும் என்று நான் அதுவரை கண்டதில்லை. ஏறியிருந்தன.

வலையில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது, அதைக் கண்டுபிடித்துவிட்டன என்றுதான் நினைத்தேன். வேறு என்ன நினைப்பது? மூச்சைப் பிடித்துக்கொண்டு அடியால் தடவிப் போனேன். ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை. ஓட்டை இல்லை. ஒரு முடிச்சுக்கூட இளகவில்லை. அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது. மேலே ஏறி ஞானரூபியிடம் சொன்னேன், பயப்பட வேண்டாம், ஒன்றும் போகவில்லை, போகவும் ஏலாது என்று. அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

அந்த நேரத்தில்தான் அமலதாஸ் வந்தான். அவன் அட்டை வளர்ப்பதில்லை, நண்டுவலை போடுகிறவன். வள்ளத்தில் நின்றபடியே குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னான்.

"அத்தான், உதுகள் ஓட்டை தேடேல்லை. உப்புத் தேடுதுகள். ஆழத்தில உப்புத் தண்ணி கிடக்கு. வலையை இறக்கிவிடுங்கோ."

 அவன் என்னைவிடப் பதினொரு வயது இளையவன். கதைக்கத் தெரிந்தவன். கூட்டத்தில் முன் வாங்கில் இருக்கிறவன்.

"இறக்கினா கொஞ்சம் திரும்பி வரும். வராட்டியும் அங்கால உயிரோட கிடக்கும். இதுக்குள்ள கிடந்தா பொழுதுபட முன்னம் எல்லாம் கரைஞ்சு போகும்."

குலவீரசிங்கம் தன் கொட்டிலில் இருந்து கத்தினான். "என்ர வலையைப் பாருங்கோ அண்ணை. அட்டை என்ன, ஆமையே போகும். நான் இறக்கவும் தேவையில்லை, ஏத்தவும் தேவையில்லை."

அமலதாஸ் சிரித்தான். சிரித்துவிட்டு என்னிடம், "ஒவ்வொண்டுக்கும் பாஸ் எழுதிக் குடுத்துத்தான் அனுப்பப் போறியளோ?" என்றான். சண்டை நடந்தபோது பாஸ் இல்லாமல் ஒரு இடத்தை விட்டு ஒரு இடம் போக ஏலாத காலம் எங்கள் எல்லாருக்கும் தெரியும். அது பகிடி விடுகிற விசயம் இல்லை. நான் தண்ணீருக்குள் இறங்கிக் கல்லை இன்னும் கொஞ்சம் நெருக்கி வைத்தேன்.

அப்போது ஞானரூபி ஒரு வார்த்தை சொன்னாள். சத்தமாக இல்லை. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"யூட்டையும் இப்பிடித்தான் பிடிச்சு வைச்சனீங்கள்."

யூட் எங்களுடைய மகன். இதைச் சொல்ல வேண்டியதில்லை, முறைப்பாட்டோடு சம்பந்தமில்லை. ஆனாலும் நீங்கள் அவளிடம் கேட்டிருப்பீர்கள், அவள் தன் பக்கத்தைச் சொல்லியிருப்பாள். கடைசிச் சண்டை நேரம் அமலதாஸ் ஒரு படகு ஒழுங்கு செய்திருந்தான். ஒரு ஆளுக்கு இடம் இருக்கிறது, யூட்டை அனுப்புங்கோ என்று வந்து நின்றான். பெடியனுக்குப் பதினேழு வயது, தோளில் பையும் போட்டுவிட்டான். நான் விடவில்லை. நாங்கள் ஆறு பேர், என் அப்பா அம்மாவோடும் ஞானரூபியின் அம்மாவோடும். ஆறு பேரும் ஒன்றாக நின்றால்தான் ஒருவரும் தவற மாட்டோம். நான் அவன் கையை விடாமல் நடந்தேன். ஒவ்வொரு சந்தியிலும் எண்ணினேன். ஆறு. ஆறு. ஆறு. தண்ணீரைக் கடந்து ஏறிய பிறகு எண்ணினேன், ஐந்து. எந்த இடத்தில் என் கை விட்டது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அமலதாஸின் படகு கரை சேர்ந்தது உண்மை. சேராமலும் போயிருக்கலாம். அதை மட்டும் ஏன் ஒருவரும் சொல்வதில்லை?

அவள் அதைச் சொன்ன பிறகு நான் தலையை நிமிர்த்தவில்லை. கல்லோடு நின்றேன். வலை ஒரு இழுப்பு இழுத்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால் ஞானரூபி கழுத்தளவு தண்ணீரில் கடல்பக்கம் நிற்கிறாள். அவள் கையில் எங்கள் வீட்டு மீன் வெட்டுகிற கத்தி. இரண்டு வலையும் மேலிருந்து கீழ்வரை, இரண்டு பாக அகலத்துக்கு, இரண்டு ஆள் கைவிரித்த அளவுக்கு, திறந்துவிட்டது. அமலதாஸ் அப்போது வள்ளத்தில் நின்றான். அது எனக்கும் தெரியும் ரீச்சர். ஆனால் குசினியில் இருந்த கத்தி கடலுக்கு எப்படி வரும்? அவன்தான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். என்னோடு முப்பத்தொன்பது வருடம் இருந்தவள், தன் காணியை ஈடு வைத்தவள், தானாக வெட்டுவாளா? அதனால்தான் முறைப்பாட்டில் அவன் பெயரைப் போட்டேன்.

அட்டை போனதை நான் பார்த்தேன். அவசரம் இல்லை. பூசை முடிந்து ஆட்கள் கோயிலை விட்டு வெளியே வருகிற மாதிரி, ஒன்றன்பின் ஒன்றாக. வெளியே போனதும் நிற்கவில்லை, சரிவைப் பிடித்துக் கீழே போய்க்கொண்டே இருந்தன. நான் நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு போய் வலையைச் சேர்த்துப் பிடித்தேன். ஒரு கையால் பிடித்து ஒரு கையால் தைக்க வேண்டும். அமலதாஸ் குதித்து வந்து என் தோளைப் பிடித்தான். "அத்தான், விடுங்கோ அத்தான், தைச்சது காணும்" என்றான். அவன் அழுகிற மாதிரி இருந்தது, மழையில் சரியாகத் தெரியவில்லை. நான் அவன் கையைத் தட்டிவிட்டேன். தைத்து முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. ஒரு முடிச்சுப் பிழைக்கவில்லை, நீங்கள் இறங்கிப் பார்க்கலாம்.

அதற்கிடையில் ஞானரூபி தம்பியின் வள்ளத்தில் ஏறிவிட்டாள். ஈரச் சீலையோடு. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள் என்று குலவீரசிங்கம் சொல்கிறான். கையில் முடிச்சு இருந்தது, நான் திரும்பவில்லை. அன்று போனவள்தான். அமலதாஸின் வீட்டில் இருக்கிறாள்.

உள்ளே நின்றவை விடியத் தொடங்கியபோது தோல் உரிந்து கிடந்தன. சில குடலைக் கக்கி, சில பசைபோல் கரைந்து. கையில் எடுத்தால் விரலுக்குள்ளால் வழிந்தது. ஆனாலும் எடுத்தேன். ஒவ்வொன்றாக எடுத்து உரப்பையில் போட்டேன். அறுநூற்று நாலு. உயிரோடு பத்தொன்பது. அந்த இரண்டையும் கூட்டி ஆயிரத்து முப்பத்தேழிலிருந்து கழித்தால் அமலதாஸ் வெளியே விட்டது வரும். நானூற்றுப் பதினாலு. உரப்பையில் கிடந்தது என் கணக்கில் இருக்கிறது. அது எங்கே போனது என்று எனக்குத் தெரியும். வெளியே போனது எங்கே என்றுதான் தெரியாமல் இருந்தது.

இப்போது அதுவும் தெரியும். வெள்ளம் வடிந்த பிறகு நண்டுவலைக்காரர் வந்து சொன்னார்கள், வெளியே கடலடியில் ஆழமான ஓடையில், தாழை இன்னும் பச்சையாக நிற்கிற இடத்தில், அட்டை கிடக்கிறது என்று. கொழுத்துக் கிடக்கிறதாம். பல வருடமாக அந்த ஓடையில் ஒன்றைக்கூட ஒருவரும் கண்டதில்லை. குலவீரசிங்கத்தின் அட்டையும் போனவைதான், அதில் பாதி தானாகத் திரும்பி வந்து அவன் வலை ஓரத்தில் கிடந்தது. அவன் அதிர்ஷ்டக்காரன். வேலை செய்யாதவனுக்குத்தான் அதிர்ஷ்டம். ஓடையில் கிடப்பது என்னுடையது ரீச்சர். வெட்டிய வழியால் போனது, ஆகவே என்னுடையது. அமலதாஸ் முங்கிப் பிடித்துத் தர வேண்டும். அவன் என்ன சொல்கிறான் என்று நீங்களே சொன்னீர்கள். அது இனிக் குஞ்சு போடும், தொடக் கூடாது என்கிறானாம். இந்தக் கடலில் எல்லாரும் அள்ளியபோது அவன் எங்கே போனான்?

ஞானரூபி உங்களிடம் சொல்லிவிட்டதை இன்னொரு முறை சொல்லுங்கள். வலையைக் கழற்றினால் வருவாள். அப்படித்தானே? காணியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கத்தியைப் பற்றி மன்னிப்பும் கேட்கவில்லை. வலையைக் கழற்றிவிட்டு வந்து கூப்பிட்டால் அன்றைக்கே வருவாள்.

நான் யோசித்தேன் ரீச்சர். யோசிக்காமல் இல்லை. கழற்றுவது பெரிய வேலை இல்லை, நான் கட்டியது எனக்குக் கழற்றத் தெரியும். கழற்றினால் இருக்கிறதும் போய்விடும். போன பிறகு நான் இந்தக் கொட்டிலில் எதற்கு நிற்பது? கரையில் போய் என்ன செய்வது? வீட்டுக்குள் போனால் அவள் எனக்குச் சோறு போடுவாள், நான் சாப்பிடுவேன், இரண்டு பேரும் யூட்டின் படத்துக்குக் கீழே இருப்போம். எண்ண ஒன்றும் இருக்காது.

அங்கே பாருங்கள், குலவீரசிங்கம் வருகிறான். தண்ணீர் ஏறிவிட்டது. எழும்புங்கள், தடியைப் பிடித்து மெதுவாக இறங்குங்கள், அந்தப் படி வழுக்கும். நானும் ஏறி வரலாம் என்கிறீர்கள், இடம் இருக்கிறது என்கிறீர்கள். இருக்கிறது, தெரிகிறது. இன்னொரு நாள் பார்ப்போம். ஞானரூபி கேட்டால் நான் சுகமாக இருக்கிறேன் என்று சொல்லுங்கள். கேட்காவிட்டால் இதை மட்டும் சொல்லுங்கள். அந்தப் பத்தொன்பதில் எட்டுச் செத்துவிட்டது, எட்டையும் நான் கண்ணால் கண்டேன். வலையால் ஒன்றும் போகவில்லை. இன்று காலையும் தூக்கி எண்ணினேன். உள்ளே பதினொன்று.